சேதமான வண்டிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

(மும்பைத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் மாதக் கூட்டத்தில், நம் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த மேடையில் கூலி உயர்வைப் பற்றிப் பேசியிருக்கிறோம். குடிசை இடிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறோம். ரேஷன் அட்டையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றவுடன் சிலர் முகத்தில் சிரிப்புத் தெரிகிறது. அரசியல் பேசும் சங்கம், வண்டி நசுங்கியதைப் பற்றியா பேசுவது என்று கேட்கிறீர்கள். ஆமாம், அதைத்தான் பேசப்போகிறோம். சட்டம் ஒரு பக்கம் இருக்க, அச்சடித்த ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டியே உழைப்பாளியை வாயடைத்து அனுப்பிவிட முடிகிறதென்றால், அதைவிடப் பெரிய அரசியல் வேறு எது?

பள்ளிக்கூடம் மூடும் ஏப்ரல், மே மாதங்களில் நம் மக்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள். சிலர் விடுமுறைக்குப் போகிறார்கள். சிலர் இந்த நகரத்தோடு கணக்கு முடித்துக்கொண்டு ஒரேயடியாகப் போகிறார்கள். கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாம் லாரியில் ஏறுகின்றன. கூடவே மோட்டார் சைக்கிளும் ஏறுகிறது. அது நமக்கு விளையாட்டுச் சாமான் அல்ல. தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கு அதுதான் கடை. குழாய் வேலை, மின்சார வேலை பார்க்கிறவருக்கு அதுதான் பட்டறை. பல வண்டிகளுக்குத் தவணை இன்னும் முடிந்திருக்காது. அந்த வண்டி டேங்க் நசுங்கி, ஃபோர்க் வளைந்து, சைலன்சர் ஒடிந்து ஊரில் இறங்கினால், இறங்குவது இரும்புச் சேதம் மட்டுமல்ல. போன இடத்தில் பிழைப்புத் தொடங்குவதற்கு இருந்த ஒரே வழியும் அங்கேயே முறிந்துபோகிறது.

இப்படிச் சேதப்பட்ட வண்டியோடு நம் சங்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். "கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான்." கையை விரிக்க அவனுக்கு உரிமை உண்டா என்பதுதான் இன்றைய கேள்வி.

முதலில் சேதம் எங்கே நேர்கிறது என்று பாருங்கள். மும்பையிலிருந்து பூனா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், ஓசூர், சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி போய்ச் சேர 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. நம் வீட்டு வாசலில் ஏற்றிய வண்டி அதே லாரியில் ஊர் போய்ச் சேரும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சின்ன டெம்போவில் ஏறி பிவண்டியிலோ கலம்போலியிலோ ஒரு கிடங்கில் இறங்குகிறது. முழு லாரிக்குச் சரக்குச் சேரும்வரை அங்கே கிடக்கிறது. பிறகு பெரிய லாரியில் ஏறி, வழியில் இன்னொரு கிடங்கில் மாறி, கடைசியில் மறுபடி சின்ன வண்டியில் ஊருக்குள் வருகிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் பலகை போட்டு ஏற்றவேண்டிய வண்டியை நாலு பேர் தூக்கிப் போடுகிறார்கள். நிறுத்திக் கட்டவேண்டியதைச் சாய்த்துக் கட்டுகிறார்கள். மேலே மூட்டை வைக்கிறார்கள். ஆள் குறைவு, நேரம் குறைவு, இடம் குறைவு. இந்தக் குறைவுகள் எல்லாம் கம்பெனியின் லாபக் கணக்கில் வரவாகவும், நம் வண்டியின் மேல் பள்ளமாகவும் விழுகின்றன.

கேட்கப் போனால் கம்பெனி நான்கு பதில்களை வைத்திருக்கிறது. நான்கையும் எடுத்து வைத்துப் பார்ப்போம்.

முதல் பதில்: "ரசீதிலே 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா?" இங்கே பில்டி என்றும் ஊரில் எல்.ஆர். என்றும் சொல்கிறோமே, அந்தக் காகிதத்தின் மூலையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அது இருக்கும். சரக்குக்கு என்ன ஆனாலும் உடைமைக்காரனே பொறுப்பு என்பது அதன் பொருள். தோழர்களே, நாட்டின் சட்டத்தைக் கம்பெனி தன் அச்சகத்தில் மாற்றி அடித்துக்கொள்ள முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில், 1865-இல், சரக்குக் கொண்டுசெல்வோர் சட்டம் என்று ஒன்று வந்தது. சரக்கு கெட்டுப்போனால், கொண்டுபோனவன் கவனக்குறைவாக இருந்தான் என்பதை உடைமைக்காரன் மெய்ப்பிக்கத் தேவையில்லை என்று அந்தச் சட்டமே சொன்னது. ஏன் அப்படிச் சொன்னது? ஒப்படைத்த பிறகு சரக்கு அவன் கையில் இருக்கிறது. வழியில் என்ன நடந்தது என்று அவனுக்குத்தான் தெரியும். திருநெல்வேலியில் காத்திருக்கிறவருக்குத் தெரியாது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2007-இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது; 2011-இல் அதன் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்திலும் 12-ஆவது பிரிவில் அதே கொள்கை நிற்கிறது.

17-ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், சட்டப்படியான பறிமுதல், அரசாங்கத் தடை போன்ற சில காரணங்கள் நீங்கலாக, வழியில் நேரும் எந்தச் சேதத்துக்கும் கொண்டுசெல்கிறவனே பொறுப்பு. அந்தக் காரணங்கள் இருந்தாலும், உரிய கவனம் எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் தப்ப முடியாது. 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று எழுதியிருந்தாலும் தன் கவனக்குறைவால் வந்த நட்டத்துக்குக் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2000-இல் சொல்லிவிட்டது. ஆகவே முதல் பதில் செல்லாத காசு.

இரண்டாவது பதில்: "நாங்கள் புக்கிங் ஏஜெண்ட் மட்டும்தான். லாரி வேறு ஆளுடையது; அங்கே போய்க் கேள்." பணம் வாங்கும்போது கம்பெனி, பதில் சொல்லும்போது ஏஜெண்ட்! 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையைப் பாருங்கள். சரக்குப் பதிவு செய்யும் கம்பெனி, ஒப்பந்தக்காரர், ஏஜெண்ட், தரகர், கூரியர்காரர் எல்லாரும் அதற்குள் அடங்குகிறார்கள். ஒரு லாரிகூடச் சொந்தமாக இல்லாதவரும் நம்மிடம் சரக்கு வாங்கி ரசீது கொடுத்துவிட்டால் பொறுப்புக்கு உட்பட்டவரே. இந்தத் தொழிலைச் செய்கிறவர் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே சரக்கை ஒப்படைக்கும் முன்பே கேளுங்கள்: உங்கள் பதிவு எண் என்ன, அலுவலக முகவரி எது? வாய்மொழிக்காரனிடமும், கைபேசி எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவனிடமும் வண்டியைக் கொடுக்காதீர்கள். சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆளே இல்லாத முகவரிக்கு அறிவிப்பு அனுப்ப முடியாது.

மூன்றாவது பதில்: "வழக்குப் போடுவதானால் எங்கள் தலைமை அலுவலகம் இருக்கிற ஊரில்தான் போடவேண்டும், ரசீதிலேயே அச்சடித்திருக்கிறோம்." இதைக் கேட்டதும் பாதிப்பேர் சோர்ந்து போகிறார்கள். இதற்கும் பதில் உண்டு, அதுவும் நம் மண்ணிலிருந்தே. போடிநாயக்கனூரைச் சேர்ந்த ஓர் ஏலக்காய் வியாபார நிறுவனம் டில்லிக்கு ஏலக்காய் அனுப்பியது. டில்லியில் கிடங்கு தீப்பிடித்துச் சரக்குப் போயிற்று. வழக்கு பெரியகுளம் நீதிமன்றத்தில் போடப்பட்டது. பம்பாய் நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம் என்று ரசீதில் இருக்கிறது என்றது கம்பெனி. 1991-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கம்பெனியின் கிளை இருக்கும் இடத்தில் அலுவல் நடந்து வழக்குக்கான காரணமும் அங்கே எழுந்திருந்தால், அங்குள்ள நீதிமன்றத்துக்கே அதிகாரம். சட்டப்படி அதிகாரமில்லாத ஒரு நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் கொடுத்துவிட முடியாது என்று தீர்ப்பாயிற்று.

நமக்கு அதைவிட எளிய வழியும் இப்போது உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் போடலாம். மும்பையில் வேலை என்றால் மும்பையில். ஊரோடு போய்விட்டால் திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ விழுப்புரத்திலோ. கம்பெனி இருக்கும் இடத்துக்கு நாம் அலைந்த காலம் போய், நாம் இருக்கும் இடத்துக்குக் கம்பெனி வரவேண்டிய காலம் இது. இடம்பெயர்ந்து வாழும் மக்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காவது பதில்: "வண்டியை நல்லபடியாக வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறதே!" தோழர்களே, மற்ற மூன்றையும் சட்டத்தைக் காட்டி உடைத்துவிடலாம். இந்த நான்காவதுதான் நம்மை உண்மையாகவே வீழ்த்துகிறது. ஏனென்றால் அதில் இருப்பது நம் கையெழுத்து.

யார் கையெழுத்து அது? வண்டியை அனுப்பியவர் இங்கே வேலையில் இருப்பார், அல்லது இரயிலில் வந்துகொண்டிருப்பார். ஊரில் வாங்கிக்கொள்வது மனைவி. இல்லையென்றால் வயதான தாயார். இரவு பத்து மணிக்கு வண்டி வந்து தெருமுனையில் நிற்கிறது. "சீக்கிரம், இன்னும் நாலு வீடு போகணும், முதலில் கையெழுத்து, பிறகுதான் இறக்குவோம்" என்கிறார்கள். தார்ப்பாய் சுற்றிய வண்டியில் என்ன தெரியும்? ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதத்தில் என்ன புரியும்? கையெழுத்து விழுகிறது. காலையில் தார்ப்பாயைப் பிரித்தால் ஹேண்டில் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்.

ஆகவே இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களுக்குத்தான் முதலில் சொல்கிறோம். வண்டியை வாங்கிக்கொள்ளப் போகிறவர் நீங்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி எழுதுங்கள். சுற்றியதைப் பிரித்துப் பாருங்கள். சேதம் இருந்தால் அந்தக் காகிதத்திலேயே, கையெழுத்துக்கு மேலே, "டேங்க் நசுங்கி, ஹேண்டில் வளைந்து, இடது இண்டிகேட்டர் உடைந்த நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதுங்கள். ஆங்கிலம் தேவையில்லை, தமிழில் எழுதினால் போதும். பிரித்துப் பார்க்க விடவில்லையா? "பிரித்துப் பார்க்க அனுமதிக்கவில்லை" என்று எழுதுங்கள். எழுதிய காகிதத்தை அவர்கள் எடுத்துப்போகும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதவே விடவில்லை என்றால், அன்றைக்கே, அந்த மணியிலேயே, சேதத்தின் படங்களைக் கம்பெனியின் வாட்ஸ்அப் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். ஏற்கெனவே வெறுங் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் எல்லாம் போயிற்று என்று விட்டுவிட வேண்டாம். ஏற்றும்போது எடுத்த படமும், இறங்கிய உடனே எடுத்த படமும், உடனே அனுப்பிய செய்தியும் அந்தக் கையெழுத்துக்கு எதிராகப் பேசும். ஆனால் நாள் கடத்தினால் அவையும் ஊமையாகிவிடும்.

இனி, அனுப்புகிறவர் செய்யவேண்டியதைச் சொல்கிறோம்.

ஏற்றும் முன் வண்டியைக் கழுவி, நான்கு பக்கமும் படம் எடுங்கள். கிலோமீட்டர் காட்டும் எண், பதிவெண், சேசிஸ் எண் எல்லாம் படத்தில் விழவேண்டும். ஏற்கெனவே கீறல் இருந்தால் அதையும் மறைக்காமல் எடுங்கள்; பழைய கீறலைப் புதுக் கீறலென்று சொன்னால் நம் உண்மையும் பொய்யாகிவிடும். எல்.ஆர். மூலப்பிரதியை வாங்காமல் வண்டியை நகரவிடாதீர்கள். அதில் வண்டியின் பதிவெண்ணும், புறப்படும் இடமும், சேரும் இடமும், வாடகையும் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது மதிப்பு. இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். கம்பெனி கொடுக்கவேண்டிய நட்டஈட்டுக்கு 2011-ஆம் ஆண்டு விதிகள் ஒரு வரம்பு கட்டியிருக்கின்றன. வாடகையைப் போல் பத்து மடங்கு வரை. அதுவும் நாம் எழுதிக்கொடுத்த மதிப்புக்கு மேற்படாமல். ஓர் உதாரணம். வாடகை 6,000 ரூபாய் என்றால் பத்து மடங்கு 60,000 ரூபாய். வண்டியின் மதிப்பு 70,000 என்று எழுதியிருந்தால் வரம்பு 60,000. பழுது பார்க்க 18,000 ஆகிறது என்றால் முழுவதையும் கேட்கலாம். ஆனால் "வரித்தொல்லை வரும், குறைத்துப் போட்டுக்கொள்" என்று ஏஜெண்ட் சொன்னதைக் கேட்டு மதிப்பு 5,000 என்று எழுதியிருந்தால்? 18,000 ரூபாய்ச் சேதத்துக்கும் வரம்பு 5,000-தான். அந்த ஏஜெண்ட் நமக்கு உதவி செய்வதுபோலப் பேசிக் கம்பெனிக்கு உதவி செய்துவிட்டான். அதே போல, ரசீது வேண்டாம் என்றால் வாடகை குறைவு என்பார்கள். ரசீதில் எழுதாத வாடகைக்குப் பத்து மடங்கு எங்கிருந்து வரும்? பத்து மடங்குக்கும் மேலே பாதுகாப்பு வேண்டுமென்றால், அதிகப் பொறுப்புக் கட்டணம் என்று தனியாகக் கட்டி எழுதி வாங்கிக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் என்ற பெயரில் நடப்பதையும் சொல்லவேண்டும். மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு என்று 'இன்ஷூரன்ஸ்' பணம் வாங்கிக்கொள்வார்கள். பாலிசி எங்கே என்று கேட்டால் ரசீதைக் காட்டுவார்கள். லாரிக் கம்பெனி தானாக இன்ஷூரன்ஸ் நடத்த முடியாது. அனுமதி பெற்ற காப்பீட்டு நிறுவனம்தான் பாலிசி கொடுக்க முடியும். பாலிசி எண்ணும் நிறுவனத்தின் பெயரும் உள்ள காகிதம் கைக்கு வராவிட்டால், அந்தப் பணம் வேறு ஏதோ கட்டணமே தவிர இன்ஷூரன்ஸ் அல்ல.

இன்னொரு செய்தி நம்மில் பலருக்குத் தெரியாது. வண்டிக்கு நாம் ஆண்டுதோறும் கட்டும் பாலிசி, மூன்றாம் நபருக்கான வெறும் பாலிசியாக இல்லாமல் முழுப் பாலிசியாக இருந்தால், சாலையிலோ இரயிலிலோ வண்டி கொண்டுசெல்லப்படும்போது நேரும் சேதமும் வழக்கமாக அதில் அடங்கும். பாலிசிக் காகிதத்தை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் ஆள் வந்து பார்வையிடும்வரை பழுது பார்க்கவேண்டாம். அங்கே பணம் வாங்கினால் அடுத்த ஆண்டு கிடைக்கவேண்டிய தள்ளுபடி போகும் என்பதையும், ஒரே நட்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது என்பதையும் மனதில் வைத்து எது ஆதாயம் என்று கணக்குப் பாருங்கள்.

சேதம் தெரிந்த பிறகு செய்யவேண்டிய தலையாய காரியம் ஒன்று உண்டு. மற்றதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். கம்பெனிக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி, வண்டியைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அறிவிப்புப் போய்ச் சேர்ந்திருந்தால்தான் வழக்கு நிற்கும். வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. பதிவு செய்த நாளிலிருந்து. ஏப்ரல் 10-ஆம் தேதி பதிவு செய்தவருக்கு அக்டோபர் 7-ஆம் தேதியோடு கெடு முடிகிறது. "பார்க்கிறோம், தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம், அடுத்த மாதம் வாருங்கள்" என்று கம்பெனி இனிக்க இனிக்கப் பேசுவதெல்லாம் இந்த 180 நாளைக் கடத்துவதற்காகவும் இருக்கலாம். தொலைபேசியில் ஆயிரம் முறை பேசினாலும் அது அறிவிப்பு ஆகாது.

அறிவிப்புக்கு வக்கீல் பாஷை வேண்டாம். இவ்வளவு எழுதினால் போதும்:

"இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள எல்.ஆர். மூலம், இன்ன பதிவெண் கொண்ட என் மோட்டார் சைக்கிளை மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுசேர்க்க உங்களிடம் நல்ல நிலையில் ஒப்படைத்தேன். இன்ன தேதியில் அது கீழ்க்கண்ட சேதங்களோடு ஒப்படைக்கப்பட்டது. பழுது பார்க்க ஆகும் செலவு இவ்வளவு ரூபாய். மதிப்பீடும் படங்களும் இணைத்துள்ளேன். 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி இதை அறிவிப்பாகக் கொள்ளவும். 15 நாட்களுக்குள் இத்தொகையைக் கொடுக்கத் தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்."

வண்டியைப் பதிவு செய்தவர் பெயரிலேயே இது போகட்டும். தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, பதிவு செய்த கிளைக்கு ஒன்று அனுப்புங்கள். பழைய பதிவு அஞ்சல் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே விரைவு அஞ்சலில் பதிவு செய்து, போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் செலவு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். பழுது பார்த்தால் பில்லை வாங்குங்கள். கழற்றிய உடைந்த பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அவர்கள் சமரசத்துக்கு முயல்வார்கள்; தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. புகாரை இ-ஜாக்ரிதி என்ற இணையதளத்தின் மூலமும் பதியலாம். நட்டம் நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் போடவேண்டும். தானே ஓட்டிப் பிழைப்பதற்கென்று வாங்கிய ஆட்டோ வைத்திருப்பவர், இது வியாபாரம் என்று நினைத்து ஒதுங்கவேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பவருக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா வருவதும் உண்டு. அதைச் சொல்லாமல் மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட நாங்கள் விரும்பவில்லை. ஆனால் காகிதம் சரியாக இருக்கிறவரோடு கடைசிவரை வழக்காடக் கம்பெனியும் யோசிக்கும்.

இரயிலில் வண்டி அனுப்புகிறவர்களுக்கு விதி வேறு. அங்கே 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டம். பெட்ரோலை முழுக்க இறக்கி, பார்சல் அலுவலகத்தில் ஆர்.சி. நகல் கொடுத்து, நன்றாகச் சாக்குச் சுற்றி அனுப்புங்கள். மதிப்பை எழுதிக்கொடுத்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தையும் கட்டுங்கள். இல்லாவிட்டால் மிகச் சிறிய வரம்புக்குள் நட்டஈடு அடங்கிவிடும். ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இரயில்வேக்கு அறிவிப்புப் போகவேண்டும். பிறகு போகவேண்டிய இடம் இரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயம். மும்பையிலும் சென்னையிலும் அதற்கு அமர்வுகள் உண்டு.

தெருவில் நிறுத்திவைத்த நம் வண்டியைக் கம்பெனி லாரி இடித்துவிட்டால் அது சரக்கு வழக்கு அல்ல. மோட்டார் வாகனச் சட்ட வழக்கு. லாரியின் எண்ணைக் குறித்து, படம் எடுத்து, போலீஸ் நிலையத்தில் பதிவு செய்து, மோட்டார் விபத்து நட்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யவேண்டும். உயிர்ச்சேதம், உடற்காயம் இல்லாமல் பொருள் சேதம் மட்டும் ஆனாலும் அங்கே கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள்.

தோழர்களே, இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வண்டி நசுங்கி வந்ததைக் கண்டதும் கோபம் யார்மேல் பாய்கிறது? கொண்டுவந்த ஓட்டுநர்மேல். இறக்கிய ஹமாலிமேல். சட்டையைப் பிடிக்கிறோம். அவர் யார்? நாமக்கல்லிலிருந்தோ சங்ககிரியிலிருந்தோ கிளம்பி, நாள் கணக்கில் தூக்கமில்லாமல் ஸ்டியரிங் பிடிக்கிற நம் ஊர்ப் பிள்ளையாக இருப்பார். சுமை தூக்குகிறவரோ, நம்மைப் போலவே வேறு மாநிலத்தில் பிழைக்க வந்தவராக இருப்பார். மகாராஷ்டிரத்தில் சுமை தூக்குவோருக்கென்று 1969-இல் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் வந்தது. அந்தப் பாதுகாப்புக்கு வெளியே இன்னும் எத்தனை பேர் அன்றாடக் கூலிக்கு மூட்டை தூக்குகிறார்கள் என்பது கிடங்குகளுக்குப் போகிற உங்களுக்கே தெரியும். வேலையாட்களின் செயலுக்குக் கம்பெனிதான் பொறுப்பு என்கிறது சட்டம். ஆனால் நாம் ஓட்டுநரிடம் ஐந்நூறு, ஆயிரம் பிடுங்கிக்கொண்டு அனுப்பினால், கம்பெனி சிரித்துக்கொண்டு தப்பிவிடுகிறது. ஓர் ஏழையின் நட்டத்தை இன்னோர் ஏழையின் பையிலிருந்து ஈடுகட்டுவது நியாயமாகாது. ஓட்டுநரிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: "வண்டி எந்தக் கிடங்கில் மாறியது அண்ணே, ஏற்றும்போது எப்படி இருந்தது?" அவர் சொல்கிற உண்மை, அவர் தருகிற ஆயிரம் ரூபாயைவிட நமக்குப் பெரிய துணை.

நம் சங்கம் என்ன செய்யப்போகிறது? மூன்று காரியங்கள் செய்ய முடிவு செய்திருக்கிறோம். ஊருக்கு வண்டி அனுப்பும் உறுப்பினர்களின் எல்.ஆர். நகலைச் சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்து, 180 நாள் கெடுவை ஒரு பேரேட்டில் குறித்து, கெடு நெருங்கும்போது நினைவூட்டுவோம். அறிவிப்பு எழுதத் தெரியாதவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிக்கொடுப்போம். படித்த நம் பிள்ளைகள் அந்த வேலைக்கு வரவேண்டும். ஒரே கம்பெனியிடம் ஏமாந்தவர்கள் நாலு பேர் இருந்தால், நாலு பேரையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் கிளைக்குப் போவோம். தனியாகப் போனவனை வாசலில் நிற்கவைத்த மேலாளர், கையில் நாலு எல்.ஆரும் நாலு அறிவிப்பு நகலும் வைத்திருக்கிற கூட்டத்துக்கு நாற்காலி போடுவார்.

நாம் யாரிடமும் இனாம் கேட்கவில்லை. வாடகை கொடுத்தோம், வண்டியை நல்லபடியாகக் கொடுத்தோம், நல்லபடியாகத் திருப்பிக் கேட்கிறோம். இங்கிருந்து போகும் ஒவ்வொருவரும் இன்றிரவே ஊரிலிருக்கும் தாயாருக்கோ மனைவிக்கோ தொலைபேசியில் சொல்லுங்கள்: வண்டி வந்தால் பிரித்துப் பார், பார்த்ததை எழுது, எழுதிய பிறகு கையெழுத்துப் போடு.